புருசெத்தில் ஒரு பிரித்தானியக் கடன்

1

இந்தக் கதை எனக்கு எங்கள் கட்டடத்தின் சலவை அறையில் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். போர்வை காயும்வரை காத்திருந்தேன் என்று நான் சொல்வேன்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "பிரித்தானிய அரசியலில் கட்சிகளின் பங்கு யாதெனில்..." அடித்துவிட்டேன். யாதெனில் என்று வருகிற எதையும் இந்தக் குளிர்நாட்டுப் புறநகரான புருசெத்தில் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். நானே வாசிக்கமாட்டேன்.

2

2007. நாலாம் மாடிச் சிவநாயகி, பாலர் பள்ளியில் வேலை, செப்டெம்பர் தேர்தலில் எங்கள் பகுதிச் சபைக்கு நிற்கிறாள். கட்சிப் பட்டியலில் பதினேழாவது பெயர். இங்கே வாக்குச்சீட்டில் விரும்பிய பெயருக்கு நேரே புள்ளடி, அதாவது ஒரு × குறி, போடலாம். நம்மவர்கள் போட்டால் பதினேழு மேலே ஏறும். ஏறினால், மூடப்போகிற இளைஞர் மன்றத்துக்காகப் பேச ஒரு வாய் இருக்கும். (அவளுடைய பிள்ளைகள் பின்னேரங்களில் அங்கேதான். மூடினால் ரயில் நிலையப் படிகள்தான்.)

சலவை அறையில் அவளோடு நின்றவர் லண்டன் அத்தான் தில்லைநாதன், அவள் அக்காவின் கணவர். இருபது வருடமாகக் கட்சி விருந்துகளுக்குக் காசு கட்டிச் சாப்பிட்டு, ஒரு பிரபுவின் முதுகை மிக அருகில் கண்டவர். [மிக அருகில் என்பது என் கைச்சரக்கு.]

"பிரசுரத்துக்குக் காசு வேணுமெண்டால் எங்கடை சனத்திட்டைக் கடனா வாங்கு, நாயகி. லண்டனிலை பெரியாக்கள் கட்சிக்கு அப்பிடித்தான் குடுத்தவை. நன்கொடையெண்டால் பேரை வெளியிலை சொல்லோணும். கடனெண்டால் ஒரு குருவிக்கும் தெரியாது."

"அதைத்தானே அத்தான் போன வருசம் பொலிஸ் விசாரிச்சது, கடனுக்குப் பிரபுப் பட்டமோ எண்டு?"

"பொலிஸ் வாற அளவுக்குப் பெரிய விசயம். இப்ப விளங்குதே?"

3

அடுத்த ஞாயிறு பள்ளி மண்டபத்தில் காசு சேர்க்க ஒரு விருந்து. ஆட்டுக்கறி.

இந்த இடத்தில் தில்லைநாதனை நான் சந்தேகிக்கத் தொடங்கினேன். நம்மவர்களில் இப்படி ஒரு பாத்திரம் இருக்குமா? காசு தருவோரின் பெயரை ரகசியமாக வைப்போம் என்று மைக்கில் அறிவித்தார்.

பலசரக்குக்கடை லோறன்ஸ் எழும்பினார்.

"ஒருத்தருக்கும் தெரியாமல் ஏன் ஐயா காசு குடுப்பான்? பேரை வாசியுங்கோ!"

ஒரே கைதட்டல். பிரித்தானிய ஜனநாயகம் அன்று இதைக் கேட்டிருந்தால்... (விட்டுவிடுகிறேன், கறி ஆறுகிறது.) கடன் அந்த இடத்திலேயே நன்கொடையானது. பெயர்கள் வாசிக்கப்பட்டன, தொகையோடு.

4

கட்சிச் செயலாளர் இங்கெர் பணத்தைக் கண்டு வெலவெலத்துப் போனார். இங்கே கட்சிகளுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறது. போதாததற்கு வாஃபிள் அப்பம் சுட்டு விற்பார்கள். "பத்தாயிரம் குரோனருக்கு மேல் தந்தவர்களின் பெயரை வெளியிட வேண்டும்," என்றார், மன்னிப்புக் கேட்பவர்போல. "எங்கள் இணையத்தளத்தில் இப்போதே போட்டுவிடுகிறோம்."

சிவநாயகி வந்து சொன்னதும் லோறன்ஸ் கேட்டார்: "படமும் போடுவினமே?"

அன்றே மேலும் கொடுத்து வரம்பைத் தாண்டினார். வெளிவந்தது அவர் பெயர் மட்டும்.

மறுநாள் சலவை அறையில் இயந்திரங்களைவிடச் சனம் சூடு. "அப்ப எங்கடை காசு காசில்லையே?" என்றாள் இரண்டாம் மாடிப் புஷ்பமலர். "லோறன்சின்ரை பேர்தானே கிடக்கு. அவரே புள்ளடி போட்டு அவவை ஏத்தட்டும்!"

சிவநாயகி வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லோரும் தேநீர் கொடுத்தார்கள். வேறொன்றும் கொடுக்கவில்லை.

5

முடிவுகள்:

அ) கோபம் ஆறி, புள்ளடிகள் குவிகின்றன.

ஆ) பதினேழாவது பெயருக்கு ஒரேயொரு புள்ளடி. லோறன்சுடையது.

இ) அத்தான் பிரபுவாகி... இல்லை, இதைக் கதையைப் பற்றியே கதைக்கிற மீபுனைவும் தாங்காது.

வாக்குகள் இன்னும் எண்ணப்படவில்லை, எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியும். யார் எவ்வளவு கொடுத்தார் என்று மைக்கே சொன்னது. வாக்களிக்கிற திரைக்குப் பின்னால் மட்டும் என் மூக்குப் போகாது. தேர்தலன்று புஷ்பமலர் உள்ளே போய் நெடுநேரம் நின்றாள். திரைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. கால்கள் ஒன்றும் சொல்லவில்லை.

சிவநாயகி வெளியே முற்றத்தில், வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தபடி நின்றாள்.

இனி உங்கள் முறை. பதினேழாவது பெயர். உள்ளே நீங்கள் செய்வதை ஒருவரும் மைக்கில் வாசிக்கமாட்டார்கள். சம்மதமென்றால் திரையை இழுத்துவிடுங்கள்.

நான் எட்டிப்பார்க்கமாட்டேன். கால்களை மட்டும்.