செல்லோ மூச்சு வாங்கிய இடங்கள்

1
ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடைத்த கதை இது. கட்டுரை எழுதத்தான் போனேன்: சில வாத்தியங்கள் மட்டும் ஏன் மனிதக் குரல் மாதிரியே நம்மை உலுக்குகின்றன என்று. கட்டுரை பாதியில் நிற்கிறது. அங்கே பார்த்த அக்காவும் தங்கையும் என்னை விடமாட்டேன் என்கிறார்கள்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘செல்லோ அழுதது.’ (அடித்துவிட்டேன். மரம் எங்கே அழுகிறது, கேட்கிறவர்தான் அழுகிறார்.)

2
அக்கா பாடகி. தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகி, இனிப் பாடவே முடியாது. பேச்சுகூட வெறும் காற்றாகத்தான் வருகிறது. அவள் பாடவிருந்த பாட்டைத் தங்கை செல்லோவில், உட்கார்ந்து வில்லால் வாசிக்கும் அந்தப் பெரிய வயலினில், வாசித்திருந்தாள். அக்கா சரியென்றால்தான் வெளியிடுவது என்று பேச்சு.

வில்லுக்கு மூச்சு தேவையில்லை. ஆனாலும் முன்பு அக்கா பாடும்போது மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் தங்கையின் வில் நின்றுவிடும். சின்ன வயதிலிருந்து அக்காவின் குரலை ஒட்டியே வாசித்துப் பழகிய கை. ஒலிப்பதிவாளர் அந்த இடைவெளிகளைத் தடுமாற்றம் என்று நினைத்து வெட்டி ஒட்டிவிட்டார்.

“சுத்தமா இருக்கு,” என்றாள் அக்கா, கேட்டு முடித்து. “யாரோ வாசிக்கிற மாதிரி. வெளியிட்டுக்கோ.”

தங்கைக்குச் சுருக்கென்றது. “வெட்டாததைப் போடுங்கண்ணே.”

3
போட்டார். முதல் இடைவெளியில் அக்காவின் தோள் உயர்ந்தது. அடுத்ததிலும். தன்னை அறியாமலே, பாடப்போகிறவளைப் போல மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். (குரலையும் தந்தியையும் ஒப்பிட்டு இங்கே ஒரு பத்தி வைத்திருந்தேன். அந்தத் தோளைப் பார்த்தபின் அது…)

“நிறுத்துடி! நான் ஊமையா உக்காந்திருக்கேன், இது பாடுது!” என்று காற்றாகவே சீறினாள் அக்கா.

“உன்னைக் கேட்டுத்தானேக்கா எனக்கு வாசிக்கவே வந்துச்சு?”

“ரெண்டாவது சரணத்துல அந்த எடத்துல நான் மூச்சு வாங்கவே மாட்டேன். சளி பிடிச்சப்ப ஒரு தடவை வாங்கினது. அதையும் விடலையா, திருட்டுக் கழுதை!”

தங்கை சிரித்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எதைம்மா வெளியிடறது?” என்றார் ஒலிப்பதிவாளர்.

4
நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அக்கா தலையசைக்கிறாள். இன்னொன்றில் அழிக்கச் சொல்கிறாள். (முன்னது எனக்கு இனிக்கிறது; அதனாலேயே சந்தேகம்.) நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: அக்கா தொண்டையைக் கையால் பொத்திக்கொண்டு, “மறுபடி போடுங்க,” என்றாள். அதோடு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மீதி உங்களுடையது. கடைசி வரியில் ஒலிப்பதிவாளர் இடைவெளிகளை வெட்டிய மாதிரி நிறுத்தற்குறிகளை எடுத்துவிட்டேன். வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு வாங்குவது என்று உங்கள் தொண்டைக்குத் தெரியும்.

செல்லோ நிற்கிறது அக்காவின் தோள் உயர்கிறது தங்கை அவளையே பார்க்கிறாள் அக்கா வாயைத் திறக்கிறாள்