சாயங்காலம் திறக்காத மண்டபம்

தென்காசிப் பக்கம் போராட்டத்தில் கைதாவது என்றால் பாதி பிக்னிக். வேனில் ஏற்றி ஏதாவது கல்யாண மண்டபத்தில் அடைப்பார்கள். மத்தியானம் புளியோதரைப் பொட்டலம் வரும். பொழுது சாய்ந்ததும் கதவைத் திறந்து அனுப்பிவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் நானும் குவாரி லாரிக்கு முன்னால் போய்ப் படுத்தேன். ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியாருக்கு, எழுந்து ஓட முடியாத கூட்டம் கிடைப்பது லேசுப்பட்ட பாக்கியமா?

மண்டபம் மேலகரம் தாண்டி, குற்றாலம் போகிற சாலையில். சன்னல் வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. நான் மணமேடையில் மாப்பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். எதிரே பாவூர்சத்திரம் காய்கறி வியாபாரி ஆதித்தனும் ஓய்வு பெற்ற நர்ஸ் லோகநாயகியும். அவர்களுக்குப் பின்னால் இருபது இருபத்தைந்து பேர். தூணோரம் ஹஃப்சா, கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறவள். மலையைத் தோண்டிப் போகிற லாரிகளைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பி வைத்தது அவள்தான். குவாரி முதலாளியின் கோபம் முழுக்க அவள்மேல்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பொட்டலத்தைப் பிரித்துத் தின்று முடித்ததும் ஆரம்பித்தேன். பெர்லினுக்குப் பக்கத்தில் ஓரானியன்பர்க் என்று ஓர் ஊர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், அவரை எதிர்த்துப் பேசியவர்களையெல்லாம் பிடித்து, ஊருக்குள் சும்மா கிடந்த பழைய பீர் ஆலையில் அடைத்தார்கள். நம்ம மண்டபம் மாதிரி என்று சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் என்னை யார் பிடிப்பது? காவல் நாய்களைக் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்த்துவிட்டேன். காவலர்களின் பூட்ஸ் சத்தம் இங்கிருந்து செங்கோட்டைக்குக் கேட்கும் என்றேன். அவர்களின் தலைவன் தும்மினால் பீப்பாய் தானாக உருளும் என்றேன். அதோடு, நிற்க மட்டும் இடமுள்ள கல் அறை ஒன்றையும் சொன்னேன். ஆளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் உட்கார முடியாது.

ஆதித்தன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இது ரொம்ப அளக்கீரு வே."

நான் அளக்காமல் சொன்னது அந்தக் கல் அறை ஒன்றைத்தான்.

வெளிச்சம் குறைந்தது. ஒவ்வொருவராக வாசல் பக்கம் வந்து நின்றார்கள். கதவு திறக்கவில்லை. தட்டிப் பார்த்தோம், வெளியே யாரோ நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. செல்போன்களைக் காலையிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஆதித்தன் மாத்திரை போட வேண்டும் என்று கதவருகே போய் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நான் வளர்த்த நாய்களெல்லாம் இப்போது மண்டபத்தைச் சுற்றுகிற மாதிரி இருந்தது.

ஹஃப்சா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனாலும் எல்லாரும் காது கொடுத்தார்கள்.

"சார், அந்தப் பீர் ஆலைல அடைச்ச ஆளுங்க மேல என்ன கேஸ் போட்டாவ?"

"கேஸே கிடையாதும்மா. பாதுகாப்புக் காவல்னு பேரு வச்சிருந்தாவ. கோர்ட்டு இல்ல. எப்ப விடுவாவன்னு தேதியும் இல்ல."

"ஊருக்குள்ள இருந்தவங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டேதான் போனார்கள். பத்திரிகைகளில்கூட வந்தது. ஒளித்துச் செய்தது இல்லை. இதில் சேர்ப்பதற்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. வந்த அதிகாரியை எங்களில் யாரும் முன்பு பார்த்ததில்லை. சட்டையில் பெயர்ப் பட்டையும் இல்லை. கூட நாலு பேர். பெண் காவலர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் கிளம்பலாம் என்றார்.

"ஹஃப்சா யாரு? நீங்க மட்டும் இருங்க. சின்ன விசாரணைதான்."

எங்கே விசாரணை என்று லோகநாயகி கேட்டார். அது உங்களுக்கு எதற்கு என்று பதில் வந்தது. ஹஃப்சா தூணைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் குனிந்து செருப்புத் தேட ஆரம்பித்தார்கள். இருபத்தைந்து ஜோடிச் செருப்பைத் தேட அவ்வளவு நேரம் ஆகுமா? அவளைப் பார்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் ஒரு காலில் மாட்டிவிட்டேன்.

லோகநாயகி வாசல்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், அந்த ஊருல பாத்தவங்க என்ன செஞ்சாவன்னு சொல்லலியே."

"வீட்டுக்குப் போயிட்டாவ ஆச்சி."

அவர் பையைக் கீழே வைத்தார். நேராக ஹஃப்சாவிடம் போய், அவள் தோளில் கைபோட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் மாட்டிய செருப்பைக் கழற்றினேன். வீரமெல்லாம் இல்லை, இன்னொரு செருப்பு கிடைக்கவில்லை, அதனால் உட்கார்ந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆதித்தன் முனகிக்கொண்டே வந்தார். பிறகு ஒவ்வொருவராக. நாலைந்து பேர் மட்டும் தலையைக் குனிந்தபடி வெளியே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

அதிகாரி எங்களை எண்ணுகிறவர் போலப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப எல்லாரும் இருங்க" என்று சொல்லி வெளியே போனார். கதவைச் சாத்தினார்கள். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. ஹஃப்சா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

"எப்ப சார் விடுவாவ?"

"அரை மணி நேரம்மா" என்றேன். "கூடிப்போனா முக்கா மணி."

என் வாழ்நாளில் நான் அளந்ததிலேயே பெரிய அளப்பு அதுதான். ஆதித்தன்கூடச் சிரிக்கவில்லை.