கடைசி அத்தியாயத்தை யார் படிப்பது

திரைச்சீலைக் கடையின் பின்பக்கக் கிடங்கில் தரையிலிருந்து கூரை வரை துணிச் சுருள்கள். அங்கே பேசினால் எதிரொலி துளிகூட வராது. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, மதிய இடைவேளையின் அரைமணி நேரத்தில் பத்து நிமிடம் சாப்பாடு, இருபது நிமிடம் புத்தகம் என்று அவள் பங்கு பிரித்துக்கொண்டாள். அந்த இருபது நிமிடம் கடை முதலாளியே கூப்பிட்டாலும் அவளுக்குக் காது கேட்காது.

பதிப்புரிமை காலாவதியாகி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்ட பழைய நாவல்களை வாசித்துப் பதிவு செய்து, இணையத்தில் இலவசமாகக் கேட்கப் போடுகிற ஒரு தன்னார்வக் குழுவுக்காகத்தான் இந்த வாசிப்பு. சம்பளம் கிடையாது; நன்றிகூட எப்போதாவதுதான். விதிகள் இரண்டே இரண்டு. புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடி படிக்க வேண்டும். படிப்பவரின் குரலைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. இரண்டாவது விதியைப் பார்த்துத்தான் அவள் சேர்ந்தாள். ஏனென்றால் வீட்டில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே 'தகரம்' என்று பெயர். வாயைத் திறந்தால் தகர டப்பாவில் கல்லை உருட்டுகிற மாதிரி இருக்கிறதாம். பெயர் வைத்த மகானுபாவர் அவளுடைய அண்ணன். கல்யாணம், திறப்புவிழா என்று மேடைமேடையாக மைக் பிடித்துத் தொகுத்து வழங்குகிறவர். வீட்டில் கடிதம் வந்தாலும் செய்தித்தாள் வந்தாலும் உரக்க வாசிப்பது அவர்தான். இவள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இருபத்தெட்டு அத்தியாய நாவலில் இருபத்தேழை அவள் தனியாளாக முடித்துவிட்டாள். முழுசாக எட்டு மாதம் பிடித்தது. அப்போதுதான் அண்ணன் காதுக்கு விஷயம் எட்டியது.

"உன் தங்கச்சியாமேன்னு ஊரே கேக்குது. மானம் போகுது. போனது போகட்டும், கடைசி அத்தியாயத்தையாவது என்கிட்ட குடு. முடிவாவது நல்லா இருக்கட்டும்."

"முடியாதுண்ணா."

அன்று சாயங்காலமே அம்மா போன் செய்தாள். "ஆசையா கேக்குறான். ஒண்ணுதானேடி? விட்டுக் குடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

விட்டுக் கொடுத்தாள். நாற்பத்தொரு வயதிலும் அம்மாவின் அந்த 'ஒண்ணுதானேடி'க்கு முன்னால் அவளுக்கு நாக்கு எழவில்லை. ராத்திரி முழுக்கத் தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டாள்.

யார் படித்தாலும், இன்னொருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்டுச் சரிபார்ப்பது குழுவின் வழக்கம். சரிபார்ப்பவர் யாரென்று படித்தவருக்குச் சொல்வதில்லை. குழுவை நடத்துகிற ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா அவளைக் கூப்பிட்டார். "இந்தப் புத்தகம் உனக்குத்தான் தலைகீழ்ப் பாடம். நீயே கேட்டுச் சொல்லிடும்மா."

கேட்டாள். எடுத்த எடுப்பிலேயே வயலின். அப்புறம் அண்ணனின் குரல், ஸ்டூடியோவில் வைத்து மெருகேற்றியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பதினோராவது நிமிடத்தில் புத்தகத்தில் ஓடிக்கொண்டிருந்த அவள் விரல் நின்றது. அண்ணன் ஒன்றரைப் பக்கத்தைத் தாவிவிட்டிருந்தார். அதுவும் எந்த ஒன்றரைப் பக்கம்! கதை முழுக்க வாய் பேசாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட மருமகள், குடும்பம் மொத்தமும் கூடியிருக்கும் கூடத்தில் எழுந்து நின்று பேசுகிற ஒரே இடம். அந்த இடத்துக்கு வந்து சேரத்தானே எட்டு மாதமாக மெல்லாமல் விழுங்கிய சோறும் ஓட்டமுமாக அவள் படித்தாள்? கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

குறிப்பு எழுதினாள்: 'இசை கூடாது. பதினோராவது நிமிடத்தில் ஒன்றரைப் பக்கம் விடுபட்டிருக்கிறது. மீண்டும் பதிவு செய்யவும்.' குரலைப் பற்றி ஒரு சொல் இல்லை. விதி என்றால் விதிதான்.

சற்று நேரத்தில் போன் அலறியது. "எவன் அவன், எனக்கே குறிப்பு எழுதுறவன்? உங்க குழுவுல யாரு அது?"

"நான்தான்."

அண்ணன் சிரித்தார். "அடி தகரம்! அந்த எடம் ஒரே இழுவை. அந்தப் பொம்பளை புலம்பறதை யாரு உக்காந்து கேப்பா? நீளம்னா வெட்டத்தான் வேணும்."

"நாள் பூரா துணி வெட்டுறவ நான். எதை வெட்டணும், எதுல கத்தரியே வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். முழுசா படிச்சு அனுப்பு. இல்லேன்னா என் அத்தியாயத்தைத் திருப்பிக் குடு."

"இரு, அம்மாகிட்ட சொல்றேன்."

"தாராளமா சொல்லு. அம்மா அழுதாலும் சரி, நீ குதிச்சாலும் சரி, உன் பருப்பு இனிமே என்கிட்ட வேகாதுண்ணா."

அண்ணன் நர்ஸ் அக்காவிடமும் மல்லுக்கட்டிப் பார்த்தார். "இருக்கிறபடி படிங்க, இல்லேன்னா விடுங்க" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அத்தியாயம் அவளிடமே திரும்பி வந்தது.

மறுநாள் மதியம் அவள் சாப்பாட்டுப் பையைத் தொடவே இல்லை. அம்மாவின் அழைப்பு நான்காவது முறை வந்தபோது, போனை அழைப்பு வராதபடி மாற்றிவிட்டுப் பதிவைத் தொடங்கினாள். மருமகள் எழுந்து நிற்கிற இடம் வந்ததும் குரல் தானாக ஏறியது. அடக்க அவளுக்கு மனமில்லை.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. கல்லாவில் உட்காருகிறவர். "ஏம்மா, கதவைச் சாத்தியும் முன்னாடி வரைக்கும் கேக்குது! வந்தவங்கல்லாம் துணியைப் பாக்காம நின்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க!"

"கேக்கட்டும்" என்றாள்.

தட்டிய சத்தம் பதிவில் விழுந்துவிட்டது. மருமகள் வாய் திறக்கிற முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள், முன்னைவிட உரக்க.