பள்ளத்துல ஒண்ணுமில்லைங்க

எனக்கு ட்ரோன் ஓட்டத் தெரியும்னு எவன் சொன்னான்? நானேதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வாங்கி நாலு மாசம்கூட ஆகலைங்க. ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்டுக்கு வீடியோ எடுத்துக் குடுக்கறது என் பொழப்பு. அங்க மேனேஜர் சந்திரசேகர் சாருக்கு எப்பவும் ஒரே பாட்டுதான். "ஜாபெஸ், பனி பஞ்சாட்டம் தெரியணும். வெள்ளைத்தாளாட்டம் வெளுத்துச்சுன்னா அப்பிடியே எடுத்துக்கிட்டு ஓடிப் போயிரு!"

முதல் மாசம் பூரா வெளுக்க வெச்சு வாங்கிக் கட்டிக்கிட்டேன். பொறவுதான் சூட்சுமம் பிடிபட்டுச்சு. மேல ஏத்துனதும் கேமராவைப் பனிப் பக்கம் திருப்பணும். பனி அழகாத் தெரியற அளவுக்கு வெளிச்சத்தைக் குறைச்சு, பொறவு எங்க திருப்பினாலும் மாறாதபடி அங்கேயே லாக் பண்ணிரணும். கீழ மரமெல்லாம் கருப்பா விழும். விழட்டுமே! வெளுத்துப்போன படத்தை யாராலயும் மீட்க முடியாது, இருட்டா இருக்கறதைப் பொறவு கம்ப்யூட்டர்ல தூக்கிக்கலாம். இது தப்பில்லைங்க. வீடியோவுக்கு இன்னிக்கும் அதுதான் சரி. அதுதான் என் வயித்தெரிச்சலே.

பொங்கல் முடிஞ்ச மறுவாரம், ஒரு வியாழக்கிழமை. மணி மூணரை இருக்கும். ரிசார்ட் சமையல்கட்டுல வேலை பாக்கற கௌரி மூச்சு வாங்க ஓடி வந்தா.

"ஜாபெஸ் அண்ணா, எங்கப்பாவைக் காணோம்ணா. காலையில மிளகு பறிக்கப் போனவரு சோத்துக்கும் வரலை. ஏணி மரத்துல சாத்துனபடி நிக்குதாம், மூட்டை பாதியில கிடக்குதாம். பக்கத்துல காட்டெருமைத் தடம் இருக்குதுன்றாங்க. உங்க ஹெலிகேமை எடுத்துக்கிட்டு வாங்கண்ணா, உங்களைக் கும்பிட்டுக்கறேன்."

அவங்கப்பா மாதையனை எனக்குத் தெரியும். செம்மநத்தத்துக்காரரு. மூங்கில் ஏணியைச் சாத்துனாருன்னா எவ்வளவு ஒசர மரமா இருந்தாலும் சரசரன்னு ஏறிப் பறிச்சுப் போட்டுருவாரு. ஐம்பத்தஞ்சு வயசுல அவரு ஏர்ற அந்த ஏத்தம் எனக்கு இந்த வயசுலயே வராது. கௌரியைப் பின்னாடி ஏத்திக்கிட்டு பைக்கை முறுக்கினேன்.

அவரு மிளகு பறிக்கற காப்பி எஸ்டேட்டுல, கணக்கு எழுதற ரைட்டர் விஜயகுமாரும் பதினஞ்சு ஆளுங்களும் தடியோட நின்னாங்க. காட்டெருமை எங்க நிக்குதோன்னு எல்லாருக்கும் பயம். "ஒவ்வொரு பள்ளமா எறங்கிப் பாக்க நேரமில்லைங்க. இன்னும் ரெண்டு மணி நேரத்துல இருட்டிரும். நீங்க மேல இருந்து பாத்துச் சொல்லுங்க, நாங்க அந்தப் பக்கம் மட்டும் எறங்கறோம்"ன்னாரு ரைட்டர்.

ட்ரோனை ஏத்தினேன். என் கை தானா என்ன பண்ணுச்சு தெரியுங்களா? கேமராவைப் பனிப் பக்கம் திருப்புச்சு. பனி பஞ்சாட்டம் தெரியற வரைக்கும் வெளிச்சத்தைக் குறைச்சுது. லாக் பண்ணுச்சு. ரெக்கார்டையும் அமுக்குச்சு. அட முட்டாப்பயலே, தேடறது ஒரு மனுசனை! பனி எப்பிடிப் போனா உனக்கென்ன? இதை இன்னிக்குக் கேக்கறேன். அன்னிக்கு என்னைக் கேக்க அங்க ஆளில்லை. அவங்களுக்கு இந்த மிசினைப் பத்தி என்ன தெரியும், என்னை நம்பினாங்க.

ஸ்கிரீன்ல சில்வர் ஓக் மர உச்சியெல்லாம் நல்லாத் தெரிஞ்சுது. கீழ காப்பிச் செடியிருக்கற எடம் கன்னங்கரேல்னு கிடந்துச்சு. கௌரி என் பக்கத்துலயே நின்னு ஸ்கிரீனை வெச்ச கண் வாங்காமப் பாத்தா.

"ஒரே கருப்பா இருக்குதேண்ணா?"

"மரத்தடி அப்பிடித்தாம்மா இருக்கும்"ன்னேன், பெரிய இவனாட்டம்.

கிழக்கால ஒரு பள்ளம். நடுவுல மரமே கிடையாது, பாறையும் புதருந்தான். அதுக்கு மேல போனப்பக் காத்து ஆட்டுச்சு. சரி, காத்து அடங்கட்டும்னு ட்ரோனை அங்கேயே நிறுத்தி, கேமராவை நேராக் கீழ திருப்பினேன். கருப்பு. ஒரு நிமிசம் போல பாத்தேன். ஒண்ணும் அசையலை.

"ஏனுங்க, கிழக்குப் பள்ளத்துல எதாச்சும் தெரியுதுங்களா?"ன்னு ரைட்டர் சத்தம் போட்டுக் கேட்டாரு.

"பள்ளத்துல ஒண்ணுமில்லைங்க. நல்லாப் பாத்துட்டேன்."

அவ்வளவுதான். பதினஞ்சு பேரும் பள்ளத்து மேட்டு வழியாவே நடந்து மேற்கால போனாங்க. இருட்டற வரைக்கும் அந்தப் பக்கமே தேடினாங்க.

மறுநாள் காலையில ஏழு மணிக்கு ஒருத்தரோட நாய் அந்தக் கிழக்குப் பள்ளத்துல எறங்கிக் குரைச்சுது. மாதையன் அங்கதான் கிடந்தாரு, உசுரோட. காட்டெருமை தொரத்த, ஓடி வழுக்கி விழுந்து, வலது கால் பாறைக்கு அடியில சிக்கியிருக்குது. தை மாசக் குளிர்ல ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்திருக்காரு. சேலத்துக்குக் கொண்டு போனாங்க. நொம்ப நேரம் ரத்தம் ஓடாமக் கால் செத்துப் போச்சுன்னு முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. இனி அந்த மனுசன் எந்த ஏணியில ஏறுவாரு?

சேதி கேட்டதும் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். உக்காராம இருந்திருக்கலாம். அந்த ஒரு நிமிச வீடியோவை எடுத்து வெளிச்சத்தை ஏத்தினேன். மொதல்ல பாறை வந்துச்சு. பொறவு புதர். இன்னும் ஏத்தினேன். புள்ளி புள்ளியா, அழுக்கா, ஆனா வந்துச்சுங்க. ஒரு துண்டு. மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்குது. துண்டுக்குக் கீழ ஒரு மொகம், அண்ணாந்து நேரா என்னைப் பாக்குது. வாய் தொறந்து தொறந்து மூடுது. கொஞ்ச நேரத்துல துண்டைக் கீழ வெச்சாரு. ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பி என்னைக் கும்பிட்டாரு. அப்புறம் பாறையில சாஞ்சு படுத்துக்கிட்டாரு.

சொல்லிரணும்னு முடிவு பண்ணி, அந்த வீடியோவை போன்ல போட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை சேலம் போனேன். பஸ்ஸுல அடிவாரம் வர்ற வரைக்கும் என்ன சொல்றதுன்னு ஒத்திகை பாத்துக்கிட்டே போனேன்.

கட்டிலுக்குப் பக்கத்துல கௌரி இருந்தா. "அப்பா, ஜாபெஸ் அண்ணன் வந்திருக்காருப்பா."

மாதையன் கண்ணைத் தொறந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "வா சாமி. நீதானா அது? கத்திக் கத்தித் தொண்டை வத்திப் போச்சு. அப்பத்தான் தலைக்கு நேரா வந்து நின்னுது. துண்டை வீசுனேன். போகாம நின்னு பாத்துச்சு. சரி, பாத்துட்டாங்க, வந்துருவாங்கன்னு கும்புட்டுட்டுப் படுத்துட்டேன். பொறவு மேட்டுல நம்மாளுங்க பேசிக்கிட்டுப் போனதுகூடக் கேட்டுச்சு. அதான் பாத்தாச்சே, இனி எதுக்குக் கத்தணும்னு சும்மா இருந்துட்டேன்."

சட்டைப் பாக்கெட்டுல போன் இருந்துச்சு.

"ஏன் சாமி, பாத்துட்டுமா வர்றதுக்கு விடிஞ்சு போச்சு? வழி தெரியலையா?"

கோவமாக் கேட்டிருந்தா அந்த எடத்துலயே கால்ல விழுந்திருப்பேன். அவரு நெசமாலுமே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு. என் இன்னொரு கை பாக்கெட்டுல இருந்த போன் மேல போச்சு, எடுக்கலை. நான் முழிக்கறதைப் பாத்துட்டு கௌரிதான் சொன்னா.

"பனிப்பா. அண்ணன் நல்லாத்தான் பாத்தாரு. பனி மறைச்சிருச்சு."

அவ பொய் சொல்லலைங்க. எஸ்டேட்டுல எல்லாரும் பேசிக்கிட்டதை அப்பிடியே நம்பிக்கிட்டிருக்கா. மாதையன் சரி சரின்னு தலையாட்டினாரு. "பனிக்கு நீ என்ன பண்ணுவ கண்ணு"ன்னு சொல்லி, என் கையைத் தட்டிக் குடுத்தாரு.