ஒரு மணங்கு விறகு

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் விறகுத்தொட்டி வைத்திருந்த நீலமேகத்துக்கு எல்லா விஷயத்திலும் ஓர் அபிப்பிராயம் உண்டு. கேட்டால்தான் சொல்வார் என்றில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பொங்கித் தின்றால் நெஞ்சு காய்ந்துபோகும். ரேடியோ கேட்டால் காது மந்தமாகும். வைட்டமின் மாத்திரை என்பது பட்டாளத்தில் மிஞ்சியதை நம் தலையில் கட்டும் வியாபாரம். மார்க்கெட்டில் எது விலை ஏறினாலும் அதற்குக் காரணம் ஜனங்களின் பேராசை. விறகு விலை ஏறினால் மட்டும் காரணம், விறகுப் படகு வரும் கால்வாயில் தண்ணீர் குறைந்துவிட்டது. உடம்பு தேற வேண்டுமானால் காட்டுப்பள்ளியிலிருந்து படகில் வரும் சவுக்குக்கட்டை எரித்துச் சமைத்த சோறு தின்ன வேண்டும். அந்தக் கட்டை அவரிடம்தான் கிடைத்தது என்பது தற்செயல்.

இதற்கெல்லாம் ஒரு சாட்சி வேண்டாமா? ஐம்பத்திரண்டாம் வருஷம் பங்குனியில் அது தானாக வந்து சேர்ந்தது. அவருடைய அக்காள் மகன் கருணாகரனுக்குக் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர் வேலை நிரந்தரமாகிற மாதிரி இருந்தது. ஒரே ஒரு இடைஞ்சல். கம்பெனி டாக்டரிடம் நூற்றைந்து பவுண்டு எடை காட்ட வேண்டும். பையனோ கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி இருப்பான். வேலை நிரந்தரமானால்தான் மகள் மங்கையைக் கொடுப்பேன் என்று நீலமேகம் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மங்கையும் இரண்டு வருஷமாக வாய் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"இவனை நான் தேத்திக் காட்டறேன்" என்று நீலமேகம் கிளம்பிவிட்டார். தொட்டியின் பெரிய தராசு உத்திரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும். ஒரு பலகைத் தட்டில் விறகு, மறு தட்டில் இரும்புக் கல். கல் ஒன்று இருபத்தைந்து பவுண்டு, அதாவது ஒரு மணங்கு. சில்லறை எடைக்குச் சின்னக் கற்களும் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தோறும் விறகு ஏறும் தட்டில் கருணாகரன் ஏறினான். முதல் வாரம் தொண்ணூற்றெட்டு. வாங்க வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள், ஆளுக்கொரு யோசனையும் சொன்னார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சிலுவைமுத்து மாத்திரை வாங்கித் தருவதாகச் சொன்னான். இட்லிக்கடை பச்சையம்மா தினம் ஆறு இட்லி அனுப்பினாள். பச்சை முட்டை, ஊறவைத்த கடலை, கேழ்வரகுக் கூழ், விடியற்காலையில் கடற்கரை வரைக்கும் ஓட்டம் என்று பையன் எதையும் விட்டுவைக்கவில்லை.

வாரம் ஒன்றிரண்டு பவுண்டாக ஏறிற்று. அது முட்டையால் என்று யாராவது சொன்னால் நீலமேகத்துக்குக் கோபம் வரும். விறகடுப்புச் சோற்றின் மகிமை அது. வைகாசியில் தராசு நூற்றுப்பத்து காட்டியது. பையன் இன்னும் தின்னத் தயாராகத்தான் இருந்தான். போதும், இதற்குமேல் ஏறினால் கொழுப்பு என்று சொல்லி முட்டையை நிறுத்தியவர் நீலமேகம்தான்.

மறு வாரம் பரிசோதனைக்குப் போன கருணாகரன் மத்தியானமே திரும்பிவிட்டான். டாக்டரின் மெஷினில் அவன் எடை தொண்ணூற்றேழு. நூற்றுப்பத்து இருந்தேன், தெருவே பார்த்தது, உங்கள் மெஷின் தப்பு என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். சாயங்காலம் நாலு மணிக்கு மானேஜர் விசாரிக்கிறாராம்.

எடை ஏன் குறைந்தது என்பது நீலமேகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. காரணம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். யுத்த காலத்தில், விறகு தட்டுப்பாடு வந்த வருஷம், அந்தக் கற்களின் அடியில் இருந்த ஈயத்தைச் சுரண்டி எடுத்து அரக்கை ஊற்றி அடைத்தவர் அவர். கல்லுக்கு மூன்று பவுண்டு குறைவு, சின்னக் கற்களிலும் அதே விகிதம். எடைக் கற்களைச் சோதிக்கும் முத்திரை அதிகாரி வந்தால் காட்டுவதற்கென்று நல்ல கற்கள் ஒரு கோணிக்குள் தனியாக இருந்தன. அதிகாரி வரவே இல்லை, பத்து வருஷத்தில் அவரே அதை மறந்துவிட்டார். தன்னையும் அதே தராசில் நிறுத்து, நூற்றறுபது பவுண்டு ஆள் நான் என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தவர்தானே.

தெரு கொதித்தது. டாக்டர் பணத்துக்குக் கையை நீட்டியிருப்பான் என்றார்கள், சீமை மெஷின் உப்புக் காற்றில் துரு ஏறியிருக்கும் என்றார்கள். நீலமேகத்தின் கல்லைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கடைசியில் சிலுவைமுத்து ஒரு வழி சொன்னான்.

"நான் மெஷின் ஓட்டறவன், சொல்றேன் கேளு. மெஷின் பொய் சொல்லும். கல்லு இன்னா பொய் சொல்லும்? நம்ம கல்லு ஒண்ணை எடுத்துகினு போயி அவன் மெஷின் மேல வையி. தெரிஞ்சிடும்."

எல்லோரும் சரி என்றார்கள். நானே எடுத்து வருகிறேன் என்று நீலமேகம் அவசரமாக உள்ளே போனார். கோணிக்குள் கைவிட்டு நல்ல கல்லை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். மெஷின் இருபத்தைந்து காட்டும், தன் மானம் தப்பும், பையன் விஷயத்தை டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டுச் சரிக்கட்டிக்கொள்ளலாம். அந்த மட்டுக்கும்தான் அவருக்குப் புத்தி போயிற்று.

கருணாகரனும் சிலுவைமுத்துவும் பச்சையம்மாவும் கூடவே வந்தார்கள். கம்பெனியில் டாக்டர், வயசானவர், சிரித்த முகம், கல்லை வைக்கச் சொன்னார். மெஷினின் முள் ஆடி நின்றது. இருபத்தைந்து. கொஞ்சமும் கூடக் குறைய இல்லை.

"பார்த்தியா, நம்ம கல்லு கல்லுதான்" என்று பச்சையம்மா பெருமையோடு சொன்னாள்.

"ஆமாம், கல்லு சரி. அப்போ என் மெஷினும் சரிதானே?" என்றார் டாக்டர்.

சிலுவைமுத்து தலையைச் சொறிந்தான். கல்லும் சரி, மெஷினும் சரி என்றால் பையனின் பதின்மூன்று பவுண்டு எங்கே போயிற்று? மானேஜருக்கு அந்தக் குழப்பம் இல்லை. வேலைக்காகப் பொய் எடை சொன்னதோடு டாக்டர் மேல் பொய்ப் புகாரும் கொடுத்திருக்கிறான் என்று சொல்லி, பதிவேட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார். பெயரை அடித்துவிட்டால் அப்புறம் அவன் இந்தக் கம்பெனி வாசலை மிதிக்க முடியாது.

கருணாகரன் மாமனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை. இருந்திருந்தால் நீலமேகம் வாயை மூடிக்கொண்டிருப்பார்.

"நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன் போல, மாமா. ஒரு வாரம் முட்டை துன்னாம இருந்தேன் இல்ல, அதுல எறங்கிப் போச்சோ இன்னாவோ" என்றான்.

பேனா காகிதத்தைத் தொடப் போயிற்று. நீலமேகம் பதிவேட்டின் மேல் கையை வைத்தார்.

"எழுதாதீங்க, சார். இது அந்தக் கல்லு இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஈயம், அரக்கு, கோணி, பத்து வருஷம். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். அந்தக் கல்லில் நூற்றுப்பத்து என்றால் நிஜத்தில் தொண்ணூற்றேழுதான். பையன் ஏமாந்தவனே தவிர ஏமாற்றியவன் இல்லை என்று மானேஜரிடம் அவரே பரிந்து பேசினார். மானேஜர் பேனாவை மூடினார். ஒரு மாதம் தவணை, எட்டுப் பவுண்டு ஏற வேண்டும்.

திரும்பி வரும்போது வழி நெடுக யாரும் நீலமேகத்தைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது. சிலுவைமுத்து தன் எடையையும் அந்தத் தராசில் பார்த்தவன். தன்னிலிருந்து எத்தனை பவுண்டு கழிக்க வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தான். தொட்டி வாசலுக்கு வந்த பிறகுதான் பச்சையம்மா வாயைத் திறந்தாள். ஓர் ஈடு இட்லி வேகுமுன் விறகு தீர்ந்துபோகிறதே என்று அவள் கேட்டபோதெல்லாம் அடுப்பின் வாய் அகலம், அதுதான் அனல் வெளியே போகிறது என்று அபிப்பிராயம் சொன்னவர் நீலமேகம்.

"வருசா வருசம் அடுப்பை இடிச்சி இடிச்சிக் கட்டிகினு இருந்தேன், நைனா" என்றாள். அப்படியே தன் கடைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தொட்டிக்கு அவள் வந்தபோது நீலமேகத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. வேறு தொட்டிக்குப் போக வேண்டுமானால் ஒரு மைல் நடக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். தராசில் கோணியிலிருந்து எடுத்த கற்கள் இருந்தன. பச்சையம்மா ஒரு கல்லைப் புரட்டி அடியில் நகத்தால் கீறிப் பார்த்தாள். பிறகு எப்போதும்போல ஒரு மணங்கு சவுக்கு கேட்டாள். நீலமேகம் நிறுத்தார். வாயில் ஓர் அபிப்பிராயமும் வரவில்லை.

கட்டிய விறகை ஒரே மூச்சில் தலைக்கு ஏற்றுகிறவள் அவள். இன்றைக்கு இடுப்பு வரைக்கும் தூக்கி, முடியாமல் கீழே வைத்தாள்.

"ஒரு மணங்கு இத்தினி கனமா கீதே" என்றாள்.

நீலமேகம் கைகொடுக்கக் குனிந்தார். பச்சையம்மா கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உள்ளே பார்த்து மங்கையைக் கூப்பிட்டாள். கருணாகரனுக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்த மங்கை தம்ளரை வைத்துவிட்டு வந்து, அப்பாவைத் தாண்டிப் போய், ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.