இஷ்யூலெஸ்

எங்கள் ஆட்களுக்கு வீட்டில் தெலுங்கு, கடைவீதியிலும் சண்டையிலும் கொங்குத் தமிழ், வரன் பார்க்கும்போது மட்டும் இங்கிலீஷ். அது எந்த ஊர் இங்கிலீஷ் என்று கேட்கக் கூடாது. பெண் என்றால் 'ஹோம்லி'யாக, 'அட்ஜஸ்டபி'ளாக இருக்க வேண்டும். கட்டிய சில மாதத்தில் பிரிந்து வந்தவள் 'ஷார்ட் மேரீட்'. தப்பு மாப்பிள்ளை மேல் என்றால் அவள் 'இன்னொசன்ட் டைவர்ஸி'. பத்திரிகை விளம்பரத்தில் வார்த்தைக் கணக்குக்குக் காசு வாங்கிய காலத்தில் எவனோ ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரே சொல்லாக நசுக்கிக் கொடுத்திருப்பான். அடுத்த வாரம் நாலு பேர் அதையே எடுத்துப் போட்டிருப்பார்கள். இப்போது காசே இல்லாத வாட்ஸ்அப் குழுவிலும் அதே சொற்கள்தான் ஓடுகின்றன. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கென்று அவர்கள் வைத்திருந்த சொல் 'இஷ்யூலெஸ்'. கோர்ட்டுக் காகிதத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். பிள்ளை இல்லாதவள் என்று அர்த்தம். எனக்கு ஒரு பெண் பிறந்தாள். ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் மூச்சு விட்டாள், பிறகு விடவில்லை. அதற்கப்புறம் கல்யாணமும் போயிற்று. கல்யாணம் போனதற்கு நான் அழவில்லை.

"மறுபடியும் கட்டிக்கிறேன்ப்பா. அந்த வார்த்தைய மட்டும் போடாதீங்க," என்று அப்பாவிடம் கேட்டிருந்தேன். "போடல கண்ணு," என்றார். என் அப்பா பாலகோபால், பம்ப்செட் கம்பெனி நடத்துகிறவர். சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரெல்லாம் பெயர். அதை நம்பித்தான் துடியலூர் மண்டபத்தில் எங்கள் சாதிச் சங்கம் நடத்திய வரன் அறிமுக விழாவுக்குப் போனேன்.

முதல் கல்யாணக்காரர்களைக் காலையில் மேடையேற்றுவார்கள். எங்களைப் போன்ற மறுமணக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின்னால், மண்டபமே தூங்கி வழிகிற நேரம். நாங்கள் பேசாமல் நிற்க வேண்டும். சங்கத்துக் கோவிந்தராஜுலு மைக்கில் எங்களைப் பற்றிச் சொல்லுவார். கீழே பையனைப் பெற்ற அம்மாக்கள் எங்கள் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்வார்கள்.

"அடுத்தது ஹரிதாங்க. எம்.டெக் படிச்சு மில்லு லேப்ல வேல பாக்குறாங்க. ஹோம்லிங்க, அட்ஜஸ்டபிளுங்க. இன்னொசன்ட் டைவர்ஸி, இஷ்யூலெஸ்ஸுங்க."

ஒருத்தியின் பிள்ளையை இத்தனை மரியாதையாக இல்லாமல் ஆக்க எங்கள் ஊரால்தான் முடியும். முன்வரிசையில் அப்பாவைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது. மைக்கைப் பிடுங்கினேன்.

"இஷ்யூலெஸ் இல்லீங்க. எனக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. செத்துப் போச்சு. பொறக்கவே இல்லீன்னு சொல்லாதீங்க."

தூங்கியவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். கோவிந்தராஜுலு கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது. தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"மன்னிச்சுக்கங்க அம்மணி. தெரியாமச் சொல்லிப்போட்டேன். அப்ப 'பேபி லாஸ்ட்'டுன்னு போட்டுக்கலாங்களா?"

என் கண் முன்னாலேயே ஒரு சொல் தயாராகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். எனக்கு முன்னால் மேடையில் நின்றுவிட்டுப் போன பூஜிதாவின் அம்மா வெங்கடம்மாள். அந்தப் பெண்ணையும் இஷ்யூலெஸ் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"ஏனுங்க, எம்பட மகளுக்கும் அதையே போட்டுருங்க. அவளுக்கும் பொறந்து தவறிருச்சுங்க."

பக்கத்தில் பூஜிதா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தராஜுலுவுக்கு முகம் மலர்ந்தது.

"ரெண்டு பேராச்சுங்களா! அடுத்த விழாவுல அதையே ஒரு தனிப் பிரிவா வெச்சறலாங்க."

அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பொய்யிலிருந்து தன் மகளை வெளியே இழுக்க அவருக்குக் கிடைத்தது அந்தச் சொல்தான். ஆனால் கோவிந்தராஜுலுவைச் சும்மா விட எனக்கு மனசில்லை.

"அந்தச் சொல்லும் வேண்டாங்க. இவளுக்குக் கொழந்த பொறந்துச்சு, எறந்துபோச்சுன்னு முழுசாச் சொல்லுங்க. வாயி ஒண்ணும் தேஞ்சறாது."

"டைம் ஆகுதுங்களே அம்மணி," என்றார், உண்மையான கவலையோடு. "இன்னும் நெறையப் பேரு காத்திருக்காங்க."

மைக்கை அவர் கையில் திணித்துவிட்டு இறங்கினேன். காபி வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். "அந்த பேபி லாஸ்ட் புள்ளைங்க ரெண்டுல, செவப்பா இருந்துச்சே, அது யாரு ஊட்டுப் புள்ளைங்க?" அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது. காபியை வாங்காமல் வந்து காரில் உட்கார்ந்தேன்.

அப்பா வண்டியை எடுத்தார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறினோம்.

"இப்படி ஊரு முன்னால மானத்த வாங்கிப்போட்டயே," என்றார். "கொழந்த தவறிருச்சுன்னா உம்பட ஒடம்புல கோளாறும்பாங்க கண்ணு. உன் நல்லதுக்குத்தான் அப்படிப் போடச் சொன்னேன்."

"அவளத் துணியில சுத்தி ஏந்திட்டுப் போயி பொதச்சது நீங்கதானேப்பா? அன்னிக்கு எதப் பொதச்சீங்க?"

அப்பா தேவையில்லாமல் ஹாரனை அடித்தார். நான் விடவில்லை. இன்னொரு தடவை கேட்டேன்.