நிக்கல் இல்லாத நாற்காலி

நாற்காலிக் கடை திறந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று நாற்காலிகள் தோற்றுவிட்டன.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கைப்பையில் ஒரு சிறு புட்டி வைத்திருந்தாள். பஞ்சுக் குச்சியில் அதிலிருந்து சொட்டு விட்டு உலோகத்தின் மேல் தேய்ப்பாள். பஞ்சு ரோஜா நிறமானால் நிக்கல் இருக்கிறது என்று பொருள். நிக்கல் பட்ட இடம் மறுநாள் அவளுக்குத் தடித்துச் சிவந்து அரிக்கும். அதனால் பூங்காவிலும் ஆற்றங்கரையிலும் பெஞ்சுகளை நம்பாமல் நின்றுகொண்டே இருப்பாள்.

கூட வந்திருந்த தையற்காரரும் ஆறு மாதமாக அவளோடு நின்றுகொண்டிருந்தார். அவள் உடுப்புகளில் இருந்த கொக்கி, ஜிப் எல்லாவற்றையும் பிரித்தெடுத்து மரப் பித்தான் வைத்துக் கொடுத்ததில் ஆரம்பித்த பழக்கம். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவளிடம் கேட்க வேண்டும். அதை நின்றுகொண்டு கேட்க அவருக்கு வரவில்லை. அவள் நிம்மதியாக உட்காரக்கூடிய நாற்காலி ஒன்று அவர் வீட்டு மொட்டைமாடிக்குத் தேவைப்பட்டது.

அவளிடம் சொன்னது வேறு. "கடை வாசல்ல கஸ்டமர் உக்கார நாற்காலி வாங்கணும். உங்கள மாதிரி அலர்ஜி உள்ளவங்களும் வருவாங்கல்ல? கூட வந்து பாத்துச் சொல்லுங்க."

விற்பனையாளர் பெரிய மீசைக்காரர். அடுத்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அலுமினியம், மேடம். வெயில் மழை எதுக்கும் அசையாது."

தேய்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. தையற்காரர் மூச்சு விட்டார். அவள் திருகாணியைத் தேய்த்தாள்.

"ரோஜா!"

"திருகாணி மேலயா உக்காரப் போறாங்க?" என்றார் மீசைக்காரர்.

"கை வைக்கிற இடத்துலதானே முடுக்கி வெச்சிருக்கீங்க?"

பிளாஸ்டிக் பின்னல் நாற்காலி வந்தது. அவள் அதைக் கவிழ்த்தாள். அடியில் வரிசையாகக் கம்பிக் கொக்கிகள். ரோஜா. முழுப் பிளாஸ்டிக் ஒன்றை மீசைக்காரர் காட்டினார். அவளுக்குச் சம்மதம். தையற்காரர்தான் வேண்டாமென்று தலையசைத்துவிட்டார். வெயிலில் காய்ந்து, கேட்கிற நேரம் பார்த்துக் கால் உடைந்தால்?

"எனக்கு ஒரு தடவ பாருங்களேன்," என்று மீசைக்காரர் கைக்கடிகாரத்தை நீட்டினார்.

ரோஜா.

"பெல்ட்டு?"

அதுவும் ரோஜா. பரிசு விழுந்தவர் போல அவர் கூவினார். பொருள் வாங்க வந்தவர்கள் சாவி, வளையல், மூக்குக்கண்ணாடி என்று நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு ரோஜாவுக்கும் கைதட்டல். புட்டி காலியாவதைத் தையற்காரர் பார்த்தார்.

"நாற்காலிக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க," என்றார்.

மீசைக்காரருக்கு அப்போதுதான் வேலை ஞாபகம் வந்தது. பின்கட்டுப் பட்டறைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு தேக்கு பெஞ்சு.

"ஆணி கிடையாது, திருகாணி கிடையாது. எல்லாம் மரமுளை. மரத்துல துளை போட்டு மரத்தையே அடிச்சு இறுக்கினது."

அவள் மல்லாந்து படுத்து பெஞ்சுக்கு அடியில் நுழைந்தாள். வெகுநேரம் தேடினாள்.

"தேய்க்க ஒண்ணுமே இல்லீங்க!" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

மீசைக்காரர் தையற்காரரைக் கட்டிக்கொண்டார். "இதே மாதிரி நாற்காலி செஞ்சு தரேன். அளவு சொல்லுங்க, சார்."

அளவு என்ற சொல் காதில் விழுந்ததும் தையற்காரரின் கண் பாதி மூடியது. இருபது வருடப் பழக்கம்.

"அகலம் பதினெட்டரை. தரையிலேருந்து முழங்கால் மடிப்பு பதினாறேகால். முதுகு பதினஞ்சு. இடது தோள் கால் இன்ச் இறக்கம், பாத்து வெட்டுங்க."

"நாற்காலிக்கு எதுக்கு சார் தோளு?"

பெஞ்சுக்கு அடியிலிருந்து அவள் வெளியே வந்தாள். தலையெல்லாம் மரத்தூள்.

"கால் இன்ச் இறக்கம் எனக்குல்ல?"

தையற்காரர் பஞ்சை விட அதிகமாகச் சிவந்தார்.

"உங்க கஸ்டமர் எல்லாருக்குமே இடது தோள் இறங்கியா இருக்கு, டெய்லரே?"

அவர் மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மீசைக்காரர் மரத்தூளைக் கூட்டுவது போல நடித்தார்.

கேட்க வேண்டியதைக் கேட்க அவர் வாயெடுத்தார். "நல்ல தேக்கு," என்றார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. அவருக்கும் தொற்றியது. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நெஜமா எங்க போடப் போறீங்க அந்த நாற்காலிய?"

"வீட்டு மாடியில."

"கடை வாசல்னீங்க?"

"புளுகு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் தெனமும் மாடிக்கு வந்து உக்காந்துட்டு, ராத்திரியானா எங்க வீட்டுக்குத் திரும்பிப் போகணுமா?"